கண்மாய்த் தண்ணீருக்குத் தேதி போட்ட கதை

உங்கள் இரண்டு பேரிடமும் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், "மேப் போடுறாரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறீர்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்த கதையை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பெரிய சாதனைக் கதை இல்லை. தேதி போடத் தெரியாமல் ஒருவன் பட்ட பாடு, அவ்வளவுதான். முதலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் பிசகியது. பிறகு ஒரு மாதம். கடைசியில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் பிறக்கவில்லை. நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் படம் வரைகிற பிரிவில் இரண்டு வருஷம் படித்தவன். கே.கே. நகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்த சின்ன மேப் ஆபீஸில் வேலை. பெரிய மேசையில் காகித மேப்பை ஒட்டிவைத்து, அதிலுள்ள ஒவ்வொரு கோட்டின் மேலும் மவுஸை நகர்த்தி நகர்த்தி அமுக்க வேண்டும். கோடு கம்ப்யூட்டருக்குள் போய்விடும். ரோடு, வாய்க்கால், கண்மாய்க்கரை, வரப்பு எல்லாம் அப்படித்தான் உள்ளே போயின. கீழே யாருக்காவது பல் பிடுங்கும் சத்தம் கேட்டால் மட்டும் கை ஒரு மயிரிழை ஆடும்.

எதிர் மேசையில் கோரிப்பாளையத்துக்காரர் ஒருவர். என் வயதுதான். கம்ப்யூட்டர் பட்டம் படித்தவர். நாங்கள் இழுத்த கோடுகளை வைத்துப் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. மத்தியானம் என் சாம்பார் சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் புரோகிராம் சொல்லித் தருவார். ஒரு வருஷத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்கு எனக்கும் பிடிபட்டது. அப்போது அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் கிளம்புகிறார் என்று தெரிந்ததும், மனசைக் கேட்காமலே அவருடைய நாற்காலி மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஆபீஸை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். முன்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேலையை விட்டாரே தவிர வாத்தியார் குரலை விடவில்லை. அவரிடம் போய் நின்றேன்.

"சார், அந்தச் சீட்டுல என்னைய உக்கார வைங்க சார்."

"நீ நல்லா கோடு இழுக்கிற. ஒரு கண்மாயைக் குடுத்தா கரையில நிக்கிற கருவ மரத்தைக்கூட விடாம இழுத்துருவ. அது பத்தாதா?"

"புரோகிராமும் கொஞ்சம் வரும் சார்."

"கொஞ்சம் வந்தா கொஞ்ச நேரம்தான் உக்காரலாம். டிகிரி முடிச்ச ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். போய் வேலையைப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். ஆசை மட்டும் போகவில்லை.

அந்தச் சமயம் ஆபீஸுக்கு ஒரு புது வேலை வந்திருந்தது. தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவுக்காக, சோழவந்தான் பக்கம் ஒரு கண்மாயில் எந்த நாள் எவ்வளவு தண்ணீர் என்பதை ஓடும் மேப்பாகக் காட்ட வேண்டும். அடியில் ஒரு பட்டையைத் தள்ளினால் தேதி நகரும். தேதி நகர நகரக் கண்மாயில் நீலம் ஏறும், இறங்கும். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்கள் இருந்தன. ஆனால் அது நம் ஊர் தலைக்கு மேல் பல நாளைக்கு ஒரு தடவைதான் வரும். வருகிற அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் போச்சு. கண்மாய் நிறைவது மழைக்காலத்தில். மேகம் மூடுவதும் அதே மழைக்காலத்தில். நாலு வருஷத்துக்கு நாலே நாலு நல்ல படங்கள்தான் தேறின. நடுவில் கிடக்கிற நாட்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சார் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கரைக் கோடு சரியாக இருக்கிறதா என்று நேரில் பார்த்துவர என்னை அந்தக் கண்மாய்க்கு அனுப்பினார்கள். நான் கையில் மேப்பை விரித்துக்கொண்டு கரைமேல் நடப்பதைக் கீழேயிருந்து ஓர் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். கரைக்கு அடியில் அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் வெற்றிலைக் கொடிக்கால். நாற்பது வயதிருக்கும்.

"என்ன தம்பி, கண்மாயை வெலைக்கு வாங்கப் போறீகளா?"

"மேப்புக்கு அளவு பாக்குறேங்கா."

"நல்லாப் பாத்துக்கங்க. போன வருஷம் ஒருத்தர் பாத்துட்டுப் போயி மேப்புல எங்க கொடிக்காலைத் தூக்கி ஆத்துக்குள்ள போட்டுட்டாரு."

தண்ணீர் கேட்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே தூணில் ஒரு கம்பி. கம்பியில் தினசரிக் காலண்டர் தாள்கள் குத்திக் குத்திக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பேனாவில் ஒரு வரி. 'மூணாம் படி.' 'மூணாம் படி.' 'நாலாம் படி. வாய்க்கால்ல தண்ணி கூட வருது.'

"இதென்னக்கா?"

"குளிக்கிற படித்துறை இருக்குல்ல, அதுல கீழ இருந்து எத்தனாவது படியில தண்ணி நிக்கிதுன்னு தெனம் பாத்து எழுதுறது. ஒரு வருஷம் தண்ணி என்னைக்கி வந்துச்சுன்னு ஊர்க் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. ஆளுக்கொரு நாளைச் சொன்னாக. நான் சொன்னதை மட்டும் ஒருத்தரும் காதுல வாங்கலை. அன்னையிலருந்து எழுதுறேன். இப்ப வந்து பேசச் சொல்லுங்க பாப்போம்."

நாலு வருஷத் தாள்கள். எனக்கு வாயெல்லாம் பல். சார் எந்த நாட்களுக்காகத் தலையைச் சொறிந்தாரோ, அத்தனை நாளும் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாளைக்கு இரவல் கேட்டேன். அக்கா யோசித்தார். பிறகு ஒரு உரச் சாக்கை உதறி, உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

"ஒரு தாள் கொறைஞ்சாலும் மதுரைக்கே வந்து நிப்பேன், ஆமா."

சாக்கை மேசைமேல் அவிழ்த்ததும் சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். உர வாடை.

"காலண்டர் தாளு. கடலை மடிக்கலாம்."

"தேதி இருக்கு சார். தண்ணி அளவும் இருக்கு. நான் புரோகிராம் எழுதி மேப்புல ஏத்துறேன். நாலு படத்தோடயும் ஒத்துப்போகுதான்னு பாருங்க."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை அந்தக் குழு ஆளுங்க வாராங்க. அதுக்குள்ள ஒத்துப்போச்சுன்னா அந்தச் சீட்டு உனக்கு. ஒத்துப்போகலைன்னா சாக்கைக் கட்டி வந்த எடத்துக்கே அனுப்பிட்டு, பேசாம கோடு இழுக்கப் போயிரணும். அப்புறம் சீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி சார்" என்றேன்.

முதல் வேலை, தாள்களை வரிசைப்படுத்துவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் அம்மா கூடத்தில் வருஷம் வருஷமாக, மாதம் மாதமாக, கோலம் போட்ட மாதிரி தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். வெளியே போய்விட்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த நான், வழக்கம்போல ஃபேன் சுவிட்சைத் தட்டினேன். நாலு வருஷமும் எழும்பிப் பறந்தன. ஆடி மாதம் அடுப்படிக்குப் போயிற்று. உங்கள் அம்மா தலைமேல் ஒரு தை மாதம் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் திட்டப் போகிறாள் என்று நான் காத்திருக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, வேர்வை வழிய வழிய முதலிலிருந்து அடுக்கினோம்.

அந்த வாரம் முழுக்க, கோடு இழுத்த நேரம் போக மிச்ச நேரத்தில், தாள்களிலிருந்ததைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். இனிமேல்தான் நான் சொல்லவந்த தேதி விவகாரம்.

நாம் ஒரு தேதியை அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. அதற்கு அடுத்த நாள் எது, அதற்கும் தீபாவளிக்கும் எத்தனை நாள் என்று கேட்டால் முழிக்கும். ரேஷன் கார்டில் பேர் ஏறாத ஆளுக்குச் சர்க்கரை கிடைக்குமா? அந்த மாதிரிதான். மேப் செய்வதற்கென்று யாரோ எழுதிவைத்த புரோகிராம்களின் தொகுப்பு ஒன்று எங்களிடம் இருந்தது, லைப்ரரி என்பார்கள். வருஷம், மாதம், நாள் மூன்றையும் அதனிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அது ஒரு தேதியை உருவாக்கித் திருப்பித் தரும். அப்படி உருவான தேதிக்குத்தான் உயிர் உண்டு. முன்னே போகும், பின்னே வரும், மேப்பின் பட்டையில் ஏறி உட்காரும்.

நான் இரண்டாயிரத்து ஒன்று, பதினொன்று, ஐந்து என்று கொடுத்தேன். அதாவது நவம்பர் ஐந்து. ஓட்டிப் பார்த்தால் கண்மாய் காலியாகவே கிடந்தது. பட்டையைத் தள்ளுகிறேன், தள்ளுகிறேன், நீலமே வரவில்லை. கோரிப்பாளையத்துக்காரர் எட்டிப் பார்த்து, ஏதோ இரண்டு வரி அடித்து, தேதியைத் திரையில் எழுத வைத்தார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று என்று வந்தது.

"மாப்ள, உன் கண்மாய் நெறைய இன்னும் ஆயிரத்தித் தொள்ளாயிரம் வருஷம் ஆகுமாம்டா. அதுவரைக்கும் அந்தக்கா வெத்தலை தாங்குமா?"

மாடி முழுக்கச் சிரிப்பு. விஷயம் என்னவென்றால், அந்த லைப்ரரி வருஷத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்துதான் எண்ணும். அதற்கு மேல் எத்தனை வருஷம் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். நான் முழு வருஷத்தையும் கொடுத்ததால் அது இரண்டையும் கூட்டிவிட்டது. வருஷத்தைச் சரிசெய்தேன். நீலம் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு தாளின் பின்னால் அக்கா, 'ஆறாம் படி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளுப்பாட்டியாச்சு' என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் அதைப் பிப்ரவரியில் காட்டியது. எந்த ஊரில் பிப்ரவரியில் மாட்டுப் பொங்கல்? இந்தத் தடவை யாரையும் கூப்பிடாமல் நானே தேடிக் கண்டுபிடித்தேன். அந்த லைப்ரரிக்கு ஜனவரி ஒன்றாம் மாதம் இல்லை, பூஜ்ஜியமாம் மாதம். நம் ஆபீஸ் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் இருக்கிற தரையை யாரும் முதல் மாடி என்று சொல்வதில்லை. அதற்கு மேலேதான் முதல் மாடி. அந்த லைப்ரரிக்கு ஜனவரிதான் தரை. மாதத்தில் ஒன்றைக் கழித்துக் கொடுத்தேன். மாட்டுப் பொங்கல் ஜனவரிக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் வைத்து, சாரைக் கூப்பிட்டேன். நம்பிக்கையோடுதான் கூப்பிட்டேன்.

முதல் படத்தில் கண்மாய் காய்ந்து கிடந்தது. அதே தேதி போட்ட தாளில், 'தண்ணி வந்துருச்சு. ஒன்னாம் படி.' இரண்டாவது படத்தில் பாதித் தண்ணீர். தாளில், 'நெறைஞ்சு மறுகால் போகுது', அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியே வழிகிறது. மூன்றாவதில் தண்ணீர் நிற்கிறது. தாளில், 'மீன் பிடிக்கத் தொறந்து விட்டாச்சு. சேறுதான் கிடக்கு.' நாலாவது மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "மூணு பொய், ஒன்னு நெசம். அந்த ஒன்னும் தற்செயல்."

"சார், முந்தின நாள் தாளைப் பாத்தா படத்தோட ஒத்துப்போகுது சார். ஒரே ஒரு நாள்தான் தள்ளியிருக்கு."

"அப்ப நாளைக்கி வரப்போற தண்ணியை இன்னைக்கே எழுதிட்டாங்களா? வெத்தலைக்காரம்மா குறியும் சொல்லுவாங்களோ?"

கோரிப்பாளையத்துக்காரர்தான் ஒத்தாசைக்கு வந்தார். கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் லண்டன் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம்; சில சமயம் அதனால் தேதி முந்திய நாளுக்கு நழுவும் என்றார். அதைப் பார்த்தோம். அதில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் எல்லாம் சரி.

"மாப்ள, பேசாம எல்லாத் தேதிக்கும் ஒரு நாளைக் கூட்டி விட்டுரு. ஒரே வரி. சரியாப் போயிரும்."

"எதுக்குக் கூட்டினன்னு சார் கேட்டா?"

"தெரியலைன்னு சொல்லு."

"தெரியாமக் கூட்டினா அது கணக்கா? அந்தக்கா நாலு வருஷம் தப்பாவே எழுதுனாகன்னு நாமளே முடிவு கட்டுன மாதிரி ஆயிரும்."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, "போடா, போயி நேர்லயே கேட்டுட்டு வா. நாளைக்கி உன் கோட்டையும் சேத்து நான் இழுக்குறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சோழவந்தான் போனேன். வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்றே யோசனை. தப்பாக எழுதினீர்களா என்று எப்படிக் கேட்பது? நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா படித்துறையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, விடியுமுன்னே? சாக்கு எங்கே?"

"பத்திரமா இருக்குங்கா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு…"

"சும்மா பாக்க ஆரு மதுரையிலருந்து வாராக? இருங்க, எழுதிட்டு வாரேன், மறந்துரும்."

அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மேலே இருந்த தாளைச் சர்ரென்று கிழித்தார். திருப்பிப் போட்டார். 'ரெண்டாம் படி' என்று எழுதினார். கம்பியில் குத்தினார்.

ஓடிப்போய் அந்தத் தாளைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமைத் தேதி.

"அக்கா! இது நேத்துத் தேதி!"

"ஆமா."

"இன்னைக்கித் தண்ணியை நேத்துத் தாள்ல எழுதிருக்கீக!"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏந்தம்பி, இன்னைக்கித் தாளைக் கிழிச்சுப்புட்டா இன்னைக்கி முழுக்க ராகுகாலம் எங்கே பாக்குறது? முடிஞ்ச நாளைத்தானே கிழிக்க முடியும்? உங்க வீட்டுல நாளைத் தாளையா கிழிக்கிறீக?"

நான் அப்படியே தூணில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைத்தான் கிழிக்கிறோம். ஆபீஸிலும் சார் வந்ததும் அதைத்தான் செய்கிறார். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். தாளின் முகத்தில் இருப்பது நேற்று, முதுகில் இருப்பது இன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். நாலு வருஷத் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடித்தவனுக்கு இது தோன்றவில்லை.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா தம்பி?"

"இல்லைங்கா. தெளிஞ்சிருச்சு. திங்கக்கிழமை ஆபீஸுல ஓட்டிக் காட்டணும், வாரேன்."

ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பியதற்கு அக்கா வைதது பஸ் வரைக்கும் கேட்டது.

பத்தரை மணிக்கு ஆபீஸில் இருந்தேன். ஒரே வரி. எல்லாத் தேதிக்கும் ஒரு நாள் கூட்டினேன். இப்போது அதற்குக் காரணம் இருந்தது. முதல் படம் ஒத்துப்போனது. இரண்டாவது ஒத்துப்போனது. மூன்றாவதில் மீன் பிடிக்கிற சேறு மறுநாளைக்கு நகர்ந்து, தண்ணீர் தண்ணீராக நின்றது. நாலாவது படத்தைத் தட்டினேன்.

ஒத்துப்போகவில்லை.

முன்பு சரியாக இருந்த அந்த ஒன்றே ஒன்று இப்போது தப்பாகிவிட்டது. மடை திறந்து தினம் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரு நாளைக் கூட்டியதும் ஒரு படி கூடிவிட்டது.

கோரிப்பாளையத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணைப் புடிச்சா ஒன்னு ஓடுது. ஒன்னைப் புடிச்சா மூணு ஓடுது. கோழி புடிக்கிற மாதிரில்ல இருக்கு!"

சாக்கைக் கொட்டி அந்த வாரத்துத் தாள்களைத் தேடி எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்தது. அக்காவின் எழுத்து சின்னதாக, நெருக்கமாக இருக்கும். இந்தத் தாள்களில் எழுத்து பெரிதாக, தாள் கொள்ளாமல் சாய்ந்து கிடந்தது. கொடிக்காலுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையின் போன் நம்பரை அக்கா முன்பே கொடுத்திருந்தார். போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர்.

"அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வாரம் வேற எழுத்தா இருக்கு. அது ஆரு எழுதுனது?"

"அதுவா? மச்சினிச்சி பிரசவத்துக்கு இவ போயிருந்தா. எழுதாம விட்டீக, வந்து பேசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனா. இவ ஊருல இல்லாத நாளெல்லாம் நான்தான் எழுதுவேன்."

"காலையில கிழிச்சு எழுதுனீகளாண்ணே?"

"காலையில எனக்கு வெத்தலை கிள்ளவே நேரம் பத்தாது. பொழுது சாஞ்சு, குளிக்கப் போகையில பாத்துட்டு வந்து அன்னைக்கித் தாளைக் கிழிச்சு எழுதுவேன். அதான் நாள் முடிஞ்சிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு அதைத் தொங்க விட்டுக்கிட்டு? இவகிட்ட எம்புட்டோ சொல்லிட்டேன், கேக்க மாட்டா. விடிஞ்சப்புறம்தான் கிழிப்பேன்னு நிப்பா."

பின்னால் பெட்டிக்கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல்: "பொழுது சாய கிழிச்சுப்புட்டு ராத்திரி நாள் பாக்கணும்னா என்ன செய்வீகளாம்?"

"ராத்திரி ஆரு நாள் பாக்குறா?"

"அண்ணே, வச்சிர்றேண்ணே" என்று நான் சொன்னதை இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஆக, அண்ணன் எழுதிய தாளுக்கு அதே தேதி. அக்கா எழுதிய தாளுக்கு ஒரு நாள் கூட்ட வேண்டும். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மாவுக்கு எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும் கண் உண்டு. ஃபேனைப் போடாமல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, "அக்கா… அக்கா… அண்ணே… அக்கா… இது அண்ணே, ஆனா அக்கா வஞ்சுட்டுப் போயிருக்காக, எழுத்து கொஞ்சம் ஒழுங்கா இருக்கு" என்று பிரித்துக்கொண்டே போனாள். நான் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அண்ணன் எழுதியது எல்லாம் சேர்த்து இரண்டு கைப்பிடிதான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஆபீஸுக்குப் போய், தேதியை உருவாக்குகிற இடத்தில் இரண்டு வழி எழுதினேன். நாலு படமும் ஒத்துப்போயின. ஒன்றுக்கு இரண்டு தடவை ஓட்டினேன். ஆசைக்கு மூன்றாம் தடவையும் ஓட்டினேன்.

பத்து மணிக்குக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிற நேரத்தில் மாடிப்படியில் ஏதோ வாக்குவாதம் ஏறி வந்தது. அக்காவும் அண்ணனும். அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தார்.

"தாளை வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றார். பட்டுச் சேலை வேறு எதையோ சொல்லிற்று. சார் இரண்டு நாற்காலி போடச் சொன்னார்.

பிறகு மேப்பை ஓட்டச் சொன்னார். பட்டையைத் தள்ளினேன். காய்ந்த கண்மாயில் ஓரத்தில் ஒரு நூல் அளவு நீலம் வந்தது. அது பரவியது. படி படியாக ஏறி, கரையைத் தொட்டு, மறுகால் வழியாக ஒரு வால் நீட்டியது. பிறகு மெல்ல வற்றியது. நாலு இடத்தில் நிறுத்தி, செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நாலும் ஒன்றாக இருந்தன. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வந்தவர்களில் ஓர் அம்மாள், நான் குறித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சில நாளுக்குத் தேதியை ஒன்னு கூட்டியிருக்கீங்க, சில நாளுக்குக் கூட்டலையே, ஏன்?"

சாரைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரியாது. நான் அக்காவின் காலையையும் அண்ணனின் சாயங்காலத்தையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாளவில்லை. "எங்க வீட்டுல ரெண்டும் நடக்குது. நான் காலையில கிழிக்கிறேன், அவரு சாயங்காலம் கிழிக்கிறாரு. அதான் எங்களுக்கு மாசம் முடியுறதுக்குள்ள காலண்டர் அடுத்த மாசத்துக்குப் போயிருது!"

அக்கா திரைக்கு அருகில் வந்து நின்றார். "இம்புட்டுத்தானா எங்க கண்மாய்? கட்டை விரல் நகம்கூட இல்லை."

"பெருசு பண்ணலாம்கா."

பெரிதாக்கிக் காட்டினேன். தண்ணீர் வந்த அந்த முதல் நாளில் நிறுத்தச் சொன்னார். கீழே தேதியைப் படித்தார். எழுத ஆரம்பித்த பிறகு நடந்த ஊர்க் கூட்டத்தில் தான் சொன்ன நாள் அதுதான் என்றார். பிறகு தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பாத்தீகளா? வானத்துலருந்து பாத்தவனும் நான் சொன்ன நாளைத்தான் சொல்லுறான்" என்றார்.

"அந்தாளுக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கும்" என்றார் அண்ணன்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு சார் என் மேசைக்கு வந்து நின்றார். பிறகு வாத்தியார் குரலில், "டிகிரி முடிச்ச பையன்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டேன். பக்கத்துல இருக்க மத்த கண்மாய்க்கும் அந்தக் குழுவுக்கு இதே மாதிரி வேணுமாம். யாரு வீட்டுலயெல்லாம் இந்த மாதிரி எழுதி வச்சிருக்காங்கன்னு போய்த் தேடு. இனிமே கோடு இழுக்க வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார். நல்லா செஞ்ச என்று சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, நூற்றுக்கு நூறு போட்டாலும் பேசாமல்தான் தாளை நீட்டுவார்.

கோரிப்பாளையத்துக்காரர் எழுந்து நாற்காலியை என் பக்கம் உருட்டிவிட்டார். "உக்காரு மாப்ள. ரொம்பச் சாஞ்சுராத, ஒரு திருகாணி கழண்டிருக்கு." உட்கார்ந்தேன். ரொம்பத்தான் சாய்ந்தேன்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள். அதுதான் அவள் கொண்டாட்டம்.

அடுத்த வாரமே அடுத்த ஊருக்குக் கிளம்பினேன். கையில் சார் அச்சடித்துக் கொடுத்த படிவம் இருந்தது. கண்மாய் பேர், மடை எத்தனை, படி எத்தனை என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே நான் பேனாவால் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க வீட்டுல காலண்டர் கிழிக்கிறது ஆரு? காலையிலயா, சாயங்காலமா?"

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான்தான். காலையில, அஞ்சு மணிக்கு" என்றார்.

"பொய்!" என்று உள்ளேயிருந்து இரண்டு பெண் குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. நான் படிவத்தை மடக்கி வைத்துவிட்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.